பாண்டுப் மண்ணில் குளிர்ச்சி இருக்கிறதா? நிலத்தடி ஹீட் பம்ப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்ச் பிறந்துவிட்டால் மும்பையின் பாண்டுப் பகுதி சொசைட்டிகளில் கரண்ட் பில் பேச்சு தொடங்கிவிடும். கூடவே இப்போது புதிதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் விடுமுறைக்கு வரும்போது, "எங்க பக்கம் மண்ணுக்குள்ள குழாய் இறக்கியே வீட்டைச் சூடாக்குறாங்க, குளிராக்கவும் செய்றாங்க, பில் ரொம்பக் குறைவு" என்கிறார்கள். பழைய கட்டடத்திலும் பொருத்தலாம், இப்போது விலையும் இறங்கிவிட்டது என்று இணையத்தில் படித்தவர்களும் உண்டு. கேட்டவர்கள் கமிட்டிக் கூட்டத்தில் கேட்கிறார்கள்: நம் கட்டடத்துக்கும் போட்டால் என்ன?

நல்ல கேள்வி. கரியமில வாயுவையும் மின்செலவையும் குறைக்க நினைப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு ஊரில் அற்புதமாக வேலை செய்யும் இயந்திரம் இன்னொரு ஊரில் காசைக் கரைக்கும். சொசைட்டி சேமிப்பில் கை வைக்கும் முன், இது பற்றி உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுவது நல்லது.

முதலில் அடிப்படை. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்து இன்னோர் இடத்தில் விடுகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஏசி அறையின் வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ளுகிறது. நிலத்தடி ஹீட் பம்ப் அதை மண்ணுக்குள் புதைத்த குழாய்த் தண்ணீரின் வழியாகப் பூமியில் தள்ளுகிறது. தள்ளும் இடம் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு குறைவான மின்சாரம் போதும். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

நம்பிக்கை 1: மண்ணுக்கு அடியில் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்

உண்மை: பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் வெயிலோ பனியோ எட்டாது என்பது சரி. அங்கே வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆனால் அந்த அளவு, அந்த ஊர்க் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ஸ்டாக்ஹோமில் அது 7, 8 டிகிரி. டெல்லியில் 25 டிகிரியை ஒட்டி. மும்பையின் ஆண்டுச் சராசரியே சுமார் 27 டிகிரி. ஆகவே பாண்டுப் பாறைக்குள்ளும் 27, 28 டிகிரிதான் எதிர்பார்க்க முடியும்.

இதை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மே மாதப் பகலில் டெல்லிக் காற்று 43 டிகிரியைத் தொடும்போது மண் 25இல் நிற்கிறது. வித்தியாசம் 18 டிகிரி, பெரிய லாபம். மும்பையில் மே மாதப் பகல் வழக்கமாக 33, 34 டிகிரி. மண்ணோடு வித்தியாசம் ஆறு டிகிரிதான். அதுவும் பகலில். நம் வீடுகளில் ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவில், படுக்கையறையில். அந்நேரம் வெளிக்காற்று 27, 28 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதாவது ஏசி ஓடும் நேரத்தில் காற்றும் மண்ணும் ஒரே சூடு. துளை போட்டுக் கிடைக்கும் குளிர்ச்சி என்று தனியாக எதுவும் இல்லை.

வட இந்தியாவில் மண்ணின் குளிர்ச்சியைப் பயன்படுத்திய கட்டடம் இருக்கிறது. குருகிராமை ஒட்டிய குவால் பஹாரியில் டெரி ஆய்வு நிறுவனம் கட்டிய ரிட்ரீட் வளாகத்தில், நான்கு மீட்டர் ஆழத்தில் புதைத்த சுரங்கக் குழாய்கள் வழியாகக் காற்றை அனுப்பி அறைகளைப் பதமாக்குகிறார்கள். அங்கே கோடையும் கடுமை, குளிர்காலமும் கடுமை; காற்று ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்தது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் நிரம்பி வழிகிறது. 28 டிகிரிக் குழாய் அந்த ஈரத்தை எடுக்காது. ஈரம் போகாமல் புழுக்கம் போகாது.

நம்பிக்கை 2: மும்பை எரிமலைப் பாறை மேல் இருக்கிறது, அடியில் உள்ள வெப்பத்தைத்தான் எடுக்கிறார்கள்

உண்மை: இரண்டு வேறு விஷயங்கள் இங்கே கலந்துவிடுகின்றன. மும்பை நிற்பது தக்காண எரிமலைப் பாறை மேல். அது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக ஓடி இறுகியது. அந்தச் சூடு ஆறி எத்தனையோ யுகமாகிவிட்டது. வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி பக்கம் வெந்நீர் ஊற்றுகள் இருப்பது உண்மை. அவை நிலத்தின் ஆழப் பிளவுகள் வழியே சூடேறி மேலே வரும் தண்ணீர். அப்படிப்பட்ட ஊற்றுகளைக் கொண்டு மின்சாரம் எடுப்பதும் வெந்நீர் எடுப்பதும் புவிவெப்ப ஆற்றல் என்ற வேறு துறை. நிலத்தடி ஹீட் பம்புக்கு எரிமலையும் வேண்டாம், ஊற்றும் வேண்டாம். நிலையான வெப்பமுள்ள சாதாரண மண் போதும். அதே போல, துளை போட்டால் தண்ணீரும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இதில் குழாய் மூடிய வளையம். உள்ளே இருக்கும் தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். ஒரு குடம்கூட மேலே வராது.

நம்பிக்கை 3: வெளிநாட்டில் பழைய அடுக்குமாடிகளிலேயே செய்துவிட்டார்கள், இங்கே ஏன் முடியாது?

உண்மை: செய்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. வடக்கு லண்டனில் என்ஃபீல்டு நகராட்சி தன் எட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் சுமார் 400 வீடுகளுக்கு இதைப் பொருத்தியது. கட்டடத்துக்கு வெளியே ஆழ்துளைகளைப் போட்டு, அவற்றின் குழாய்களை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இணைத்து, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சிறு ஹீட் பம்ப் ஒன்றை வைத்தார்கள். அதுவரை அந்த வீடுகளில் இருந்தது மின்சாரத்தை விழுங்கும் பழைய ஹீட்டர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாமில், எவர்சோர்ஸ் என்ற நிறுவனம் 2024 ஜூனில் ஒரு பகுதியின் 36 கட்டடங்களை ஒரே நிலத்தடிக் குழாய் வலையில் இணைத்தது. தனித்தனியாகத் துளை போட்டால் தாங்காத செலவு, பலர் பகிர்ந்துகொள்ளும்போது குறைகிறது. மலிவு என்ற பேச்சின் வேர் இதுதான்.

ஆனால் அவர்கள் எதற்காகச் செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஊர்களில் முதல் தேவை வீட்டைச் சூடாக்குவது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவில் பூமிக்குள் பத்து டிகிரி இருக்கிறது. அதிலிருந்து வெப்பத்தை எடுப்பது எளிது. அதைவிட முக்கியம், டொரன்டோ போன்ற ஊரில் கோடையில் மண்ணுக்குள் தள்ளிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். வரவும் செலவும் நேராகிவிடுகிறது. பாண்டுப்பில் வீட்டைச் சூடாக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. மண்ணுக்குள் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. ஆண்டுக்கு ஆண்டு துளைகளைச் சுற்றியுள்ள பாறை சூடேறும். முதல் வருடம் கிடைத்த சிறு லாபமும் பின்னர் தேயும்.

நம் நாட்டில் இதற்குப் பொருத்தமான இடம் குளிர் உள்ள மலைப்பகுதிகள்: காஷ்மீர், இமாச்சலம், லடாக். நம் பக்கம் சொல்வதானால் ஊட்டி, கொடைக்கானல். ஆண்டுச் சராசரி 15 டிகிரியை ஒட்டி இருக்கும் மலையூரில், வெந்நீரும் அறைச்சூடும் ஆண்டு முழுக்கத் தேவைப்படும் விடுதிக்கோ மருத்துவமனைக்கோ இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

நம்பிக்கை 4: வளாகத்தில் நான்கு போர்வெல் போட்டால் வேலை முடிந்தது

உண்மை: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் ஏசி அறையிலிருந்து மூன்றரை கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. காம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் வெப்பமாக மாறி அதோடு சேர, வெளியே தள்ள வேண்டியது சுமார் நாலரை கிலோவாட். ஒரு மீட்டர் ஆழ்துளை தோராயமாக 40 முதல் 50 வாட் வெப்பத்தை ஏற்கும். அப்படியானால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் துளை வேண்டும். 300 அடிக்கு மேல். ஒரு வீட்டுக்கு ஒரு டன் என்று வைத்தாலே 40 வீடுள்ள கட்டடத்துக்கு நாற்பது துளை. துளைகள் நெருங்கினால் ஒன்றை ஒன்று சூடாக்கும் என்பதால் ஆறு மீட்டர் இடைவெளி விட வேண்டும். மொத்தம் 1,400 சதுர மீட்டருக்கு மேல் வெற்றிடம் தேவை. பாண்டுப் மேற்கில் எல்.பி.எஸ். மார்க்கை ஒட்டிய ஒரு பழைய சொசைட்டி வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், கேஸ் குழாய், கேபிள், வண்டிகள் நிற்கும் இடம் எல்லாம் போக, போர்வெல் லாரி உள்ளே வந்து திரும்பவே இடம் இருக்காது.

துளை போடும் திறமைக்குப் பஞ்சமில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் எந்தப் பாறையையும் துளைக்கின்றன. பிரச்சினை பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. மும்பைக் குடிநீரின் பெரும்பகுதி பாண்டுப் சுத்திகரிப்பு வளாகத்தை நம்பி இருக்கிறது. அங்கே தண்ணீர் கொண்டு வருவதும் அங்கிருந்து நகருக்குள் அனுப்புவதும் பூமிக்குள் போகும் சுரங்கங்கள். தானேயில் யாரோ போர்வெல் துளைத்ததில், பாண்டுப் வளாகத்துக்குத் தண்ணீர் கொண்டு வரும் 15 கிலோமீட்டர் சுரங்கம் சேதமடைந்தது. அதைச் சரிசெய்ய 2023 மார்ச் 31 முதல் ஒரு மாதத்துக்கு மும்பை முழுவதும் 15 சதவீதத் தண்ணீர் வெட்டு அறிவிக்கப்பட்டது. ஒரே ஒரு துளையின் விலை அது. இந்த வட்டாரத்தில் 300 அடி துளைப்பது வீட்டுக்காரரோ கமிட்டியோ தன்னிச்சையாக முடிவு செய்யும் காரியம் அல்ல.

நம்பிக்கை 5: அப்படியானால் ஹீட் பம்ப் மும்பைக்கு உதவாது

உண்மை: நேர்மாறு. துளை தேவையில்லாத ஹீட் பம்புக்கு மும்பை நல்ல ஊர். காற்று ஆண்டு முழுக்க மிதமான சூட்டில் இருப்பதால் வெளிக்காற்றையே மூலமாக வைத்து இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யலாம்.

முதல் வேலை, குளிர்விப்பது. ஐந்து நட்சத்திர ஏசி என்ற முத்திரை வாங்க, 2022 ஜூலையில் அமலான அட்டவணைப்படி ஸ்ப்ளிட் ஏசியின் ஆண்டுத்திறன் எண் குறைந்தது 5 இருக்க வேண்டியிருந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று பொருள். நிலத்தடி முறை நம் மண்ணில் இதைவிட அதிகமாகத் தரும் என்று எதிர்பார்க்க வழியில்லை. பதினைந்து வருடப் பழைய ஏசியை மாற்றுவதிலேயே லாபத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

அந்த ஏசியை எங்கே மாட்டுகிறோம் என்பதில் இன்னொரு பகுதி இருக்கிறது. பழைய கட்டடங்களில் அவுட்டோர் யூனிட்டுகளைச் சமையலறைப் பக்கத்து டக்டுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கீழ்வீட்டு யூனிட் கக்கும் அனலை மேல்வீட்டு யூனிட் உறிஞ்சுகிறது. அது கக்குவதை அதற்கும் மேலே உள்ளது. ஜன்னல் கிரில்லுக்குள் வைத்தவர்கள் முன்னால் துணி காயப்போடுகிறார்கள், துளசித் தொட்டி வைக்கிறார்கள். வெளியே 30 டிகிரியாக இருந்தாலும் அந்த யூனிட்டைச் சுற்றி 40க்கு மேல் போய்விடும். உறிஞ்சும் காற்று ஒரு டிகிரி கூடினால் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் ஏறும். பாறையைத் துளைத்து நாம் தேடும் ஆறு டிகிரியைவிட அதிகம், யூனிட்டைத் திறந்த பக்கம் மாற்றி மாட்டினாலே கைக்கு வந்துவிடுகிறது. பிராக்கெட்டும் கொஞ்சம் தாமிரக் குழாயும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. கூடவே ஏசியை 24 டிகிரிக்குக் குறைத்து வைக்காமல் இருந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

இரண்டாவது வேலை, வெந்நீர். கெய்சர் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு யூனிட் வெப்பம் தரும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் அதே ஒரு யூனிட்டில் மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் தரும். நாள் முழுக்க வெந்நீர் ஓடும் மருத்துவமனை, ஹாஸ்டல், ஜிம், ஹோட்டல் இவற்றுக்கு இது சீக்கிரமே முதலைத் திருப்பித் தரும். நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு அவசரமில்லை. நான்கு வாளிக்கு கெய்சரே ஒன்றரை யூனிட்டுக்குள் முடித்துவிடும். அதில் மிச்சம் பிடித்து விலையுயர்ந்த இயந்திரத்தை ஈடுகட்ட நீண்ட காலமாகும்.

நம்பிக்கை 6: கூரைக்கு வெள்ளை அடிப்பதெல்லாம் கண்துடைப்பு

உண்மை: பாண்டுப்பில் முதல் ரூபாய் போக வேண்டிய இடம் கூரை. மேல்மாடி வீட்டின் வெக்கையில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. வெயிலில் காயும் கருத்த தளம் 60 டிகிரியைத் தாண்டும். வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே வராத வெப்பத்தை வெளியேற்ற எந்தப் பம்பும் வேண்டாம்.

இது சோதித்துப் பார்த்த வழி. 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கான செயல்திட்டம் கொண்டு வந்தது. 2017இல் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தகரக் கூரை வீட்டில் உள்வெப்பம் இரண்டு முதல் ஐந்து டிகிரி குறையலாம் என்பது பொதுவான கணிப்பு.

ஹனுமான் நகர், கிண்டிபாடா பக்கத்து மலைச்சரிவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒற்றை அறை, தரையிலிருந்து ஏழடி உயரத்தில் தகரம், பின்சுவரில் ஜன்னல் இல்லை. அங்கே யாருக்கும் ஏசி கனவு இல்லை. பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளும். நிலத்தடித் தொழில்நுட்பம் எவ்வளவு மலிந்தாலும் அந்த வீட்டை எட்டாது. ஒரு வாளிப் பூச்சு எட்டும்.

மும்பைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் வெள்ளை பாசி பிடித்துக் கறுக்கும். எனவே மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் வெக்கையிலேயே தளத்தைக் கழுவிப் பூசுவது நல்லது. அடுத்த கோடை வரை வெண்மை நிற்கும், ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும். வீட்டுச் சுண்ணாம்பு ஒரு பருவம் தாங்கும். கூரைக்கென்றே வரும் பூச்சு சில ஆண்டுகள். கல்நார் ஷீட் கூரையாக இருந்தால் கம்பி பிரஷால் சுரண்டக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் விட்டு நனைத்து, மெதுவாகத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும்.

நம்பிக்கை 7: கடல்காற்று உள்ள ஊர், வெப்பம் டெல்லிக்காரர்கள் கவலை

உண்மை: தெர்மாமீட்டர் மட்டும் பேசுவதில்லை, காற்றின் ஈரமும் பேசுகிறது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில், மகாராஷ்டிர பூஷண் விருது விழாவுக்கு வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் வெப்பத் தாக்கால் இறந்தார்கள். அன்று வெப்பநிலை 40 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாது. உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபடும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நாக்பூரில் சுகம் தருவதும் பாண்டுப்பில் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதே காரணத்தால்தான். இங்கே உடலுக்கு உதவுவது ஓடும் காற்று. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கிறது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் முப்பதை ஒட்டி. மூன்று ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில் மாதம் 48 யூனிட் மிச்சம். மகாவிதரண் மின் நிறுவனத்தின் பில்லில் 100, 300 யூனிட்டைத் தாண்டும்போது விலை ஏறும் நமக்கு, மிச்சமாகும் யூனிட்டுகள் விலை கூடிய தட்டிலிருந்தே கழிகின்றன.

சொசைட்டி எடுக்க வேண்டிய வரிசை

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டிய தீர்மானம் ஆழ்துளை பற்றியது அல்ல. முதலில் மொட்டைமாடி: வெள்ளைப் பூச்சு, அல்லது மழைக்காக ஏற்கெனவே போட்ட ஷெட்டின் மேற்புறத்துக்கு வெள்ளை. இரண்டாவது, மேற்குப் பார்த்த ஜன்னல்களுக்குச் சஜ்ஜாவோ வெளிப்புறத் திரையோ. கண்ணாடிக்கு உள்ளே போடும் திரைக்கு வருவதற்குள் வெயில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மூன்றாவது, ஃபேன்கள். நான்காவது, டக்டில் அடைபட்ட அவுட்டோர் யூனிட்டுகளை எல்லா வீட்டுக்கும் ஒரே திட்டத்தில் திறந்த பக்கம் மாற்றுவது. ஐந்தாவதுதான் புது ஏசி. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் செலவைக் குறைக்கும்: கூரை குளிர்ந்தால் ஒன்றரை டன் வேண்டிய மேல்மாடி அறைக்கு ஒரு டன் போதுமாகலாம்.

கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறது என்றால் வாய்ப்பு இன்னும் பெரியது. வீட்டுக் கட்டடங்களின் சுவரும் ஜன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு 2018இல் மத்திய அரசு கொண்டு வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா அளவுகோல் வைத்திருக்கிறது. பில்டரோடு ஒப்பந்தம் பேசும்போது கார்ப்பெட் ஏரியாவுக்காக வாதாடும் அதே அழுத்தத்தோடு இதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டமும் நகரின் வெப்பத்தை ஒரு முக்கியப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாண்டுப் அடங்கிய எஸ் வார்டின் மாநகராட்சி அலுவலகத்தில் மலைச்சரிவு வீடுகளின் கூரைப் பூச்சுக்காகக் குரல் கொடுக்க அது போதுமான ஆதாரம்.

நிலத்தடி ஹீட் பம்ப் நல்ல தொழில்நுட்பம். குளிரில் நடுங்கும் ஊர்களில் அது எண்ணெயையும் கேஸையும் எரிப்பதிலிருந்து மக்களை விடுவிக்கிறது. டொரன்டோ சொந்தக்காரர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் தங்கள் ஊர் மண்ணையும் காற்றையும் அளந்து, அதற்குப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளக்கும் பழக்கத்தை. அளந்து பார்த்தால் பாண்டுப்புக்குக் கிடைக்கும் விடை, மண்ணுக்குள் 300 அடி கீழே இல்லை. மொட்டைமாடியிலும் தகரக் கூரையிலும் இருக்கிறது. இந்த மழை முடிந்ததும் அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.